ஒற்றைச் செட்டைச் சம்மனசு

எங்கள் கோவில் பங்கின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஷரோன் போன் எடுத்தாள். இங்கே பிறந்த பிள்ளை, மலர்க்குழுவின் செயலாளர். "அங்கிள், நீங்கள் செமட்ரியில வேலை செய்தனீங்கள்தானே? உங்கட எக்ஸ்பீரியன்ஸை எழுதுங்கோ. கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா இருக்கோணும். ஆனா அண்டைக்கு றீற்றா அன்ரி கத்தினதை மட்டும் விட்டிடுங்கோ, ப்ளீஸ்."

அண்டைக்கு என்று அவள் சொன்னது போன மாதம் நடந்த கூத்தை. லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது நான் வேலை பார்த்த சேமக்காலை. அங்கே லென் என்ற வெள்ளைக்காரப் பெடியனின் கல்லறைக்குப் பக்கத்தில் கவுன்சில் ஒரு பலகை நட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் போய், இருபது வயதில் செத்தவன் அவன். பலகையின் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புச் சதுரம். போனைக் காட்டினால் யாரோ ஒரு நடிகர் கனத்த குரலில் லென்னின் வீரத்தைப் பற்றிப் பேசுவார். கவுன்சிலர் ஒருவர் வந்து நாடா வெட்டினார். கல்லறைக்கு நாடா வெட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பங்கைச் சேர்ந்த றீற்றா இடையில் புகுந்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். எங்கள் ஆட்களுக்கு மானம் கப்பலேறிவிட்டதாம். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள்.

அவர்கள் வெட்டட்டும். நான் வெட்டப்போவதில்லை. மலரில் போடாவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, ஓய்வூதியம் மலரிலிருந்து வரவில்லை.

நான் குழி வெட்டியவன். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் வேலையில் இருந்த காலத்தில் இதை வாய் திறந்து சொல்ல என் வீட்டிலேயே தடை இருந்தது. கேட்டால் 'கவுன்சில் வேலை' என்று சொல்ல வேண்டும். கவுன்சிலில் எந்தப் பகுதி என்று யாராவது தோண்டினால் 'காணிப் பகுதி' என்று சொல்ல வேண்டும். இது என் மனைவியின் கண்டுபிடிப்பு. ஊரில் காணிக் கந்தோர் உத்தியோகத்தர் என்றால் கதிரை போட்டு இருத்துவார்கள். இங்கேயும் இருத்தினார்கள். மகளுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் என்னிடம் கந்தோர் ஆளுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சேமக்காலைக்குள்ளேயே சாதிக்கு ஒரு மூலை பிரித்து வைத்திருந்த ஆட்கள் நாங்கள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டது, உள்ளே இறங்கவில்லை. விமானம் ஏறும்போது புட்டுக்குழலையும் கொண்டுவந்தார்கள், சாதியையும் கொண்டுவந்தார்கள். சுங்கத்தில் இரண்டையும் ஒருவரும் மறிக்கவில்லை.

நாட்டில் பிரச்சினை முற்றியபோது வந்தவன் நான். பெற்றோல் நிலையம், ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாடு பொதி கட்டும் வேலை என்று கொஞ்சக் காலம் அலைந்தேன். கவுன்சிலில் பூங்காப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ரோசாச்செடிக்குக் கத்தரி போடுகிற வேலை என்று நினைத்தேன். மண்வெட்டியைத் தந்தார்கள். புல்லைச் சதுரம் சதுரமாகச் சீவி, எடுத்த வரிசையிலேயே அடுக்கி வைக்கப் பழகினேன். லண்டன் களிமண் மழைக்குச் சப்பாத்தை உறிஞ்சும், வெயிலுக்குப் பாறையாகும் என்று தெரிந்துகொண்டேன். சுவர் சரியாமல் பலகை போட்டு முட்டுக்கொடுக்கக் கற்றேன். பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. முதுகு நொந்தது, பிறகு நோகவில்லை.

சொல்ல வேண்டியது மேலதிகாரி மிஸ்டர் கிளெக்கைப் பற்றி. உயர்ந்த, ஒல்லியான மனிதர். கழுத்தில் கறுப்பு ரை. எந்த மழையிலும் பளபளக்கிற சப்பாத்து. மற்ற வேலையாட்கள் என்னை 'பில்' என்று சுருக்கிக் கூப்பிட, அவர் மட்டும் முதல் நாளிலிருந்து 'மிஸ்டர் பிலிப்' என்றார். செத்தவர்களை அவர் ஒருநாளும் பிரேதம் என்று சொன்னதில்லை. 'நாளைக்கு வருகிற அம்மணி', 'வியாழக்கிழமைக் கனவான்' என்பார். ஏதோ விடுதி நடத்துகிறவர் மாதிரி. சத்தம் போடமாட்டார். எதையாவது கேட்டுப் போனால் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொன்னது காரணம் இல்லை, மிஸ்டர் பிலிப். உணர்ச்சி," என்பார். அதோடு கதை முடிந்தது. மனிசனா, மரக்கட்டையா என்று நான் வீட்டில் வந்து திட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு அடக்கத்துக்கும் முதல்நாள் பின்னேரம் வருவார். பளபளத்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, றப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஏணியால் குழிக்குள் இறங்குவார். அடியில் நின்று நான்கு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் தடவுவார். பிறகு கொஞ்ச நேரம் மேலே வானத்தைப் பார்ப்பார். ஏறி வந்து, "நான் நிற்கலாம்," என்று சொன்னால் குழி சரி. சொல்லாவிட்டால் திரும்ப மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். இன்றைக்கு அந்தச் சேமக்காலையில் ஒப்பந்தக்காரன் சின்ன யந்திரத்தைக் கொண்டுவந்து, காதில் பாட்டு ஓட, தேத்தண்ணி ஆறுவதற்குள் தோண்டிவிட்டுப் போகிறான். இறங்கிப் பார்க்க ஒரு நாதி இல்லை. பலகை நடுவதற்கு மட்டும் ஒரு பட்டாளம் வருகிறது.

லென்னின் கல் மதில் ஓரமாக, ஒரு முள்ளிலை ஹோலி மரத்துக்குக் கீழே இருந்தது. குடும்பத்தார் வைத்த கல். உச்சியில் ஒரு வட்டம், வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து சிறகாக விரிந்த ஒற்றைச் செட்டை. விமானத்தில் துப்பாக்கி பிடித்த துவக்குக்காரர் தங்கள் சட்டை நெஞ்சில் தைத்திருந்த சின்னம் அது. வட்டத்துக்குள் இருந்த எழுத்தைப் பாசி தின்றுவிட்டது. செட்டை மட்டும் அழகாக நின்றது. கீழே சின்ன எழுத்தில் பெயர், வயது, 'எயர் கன்னர்' என்ற பதவி.

அதை வாசித்த நாள் எனக்கு அவன்மீது அன்பு சுரக்கவில்லை. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் 'பொம்மர்' என்ற சொல் தெரியும். குண்டு போட வருகிற விமானம். பொம்மர் வருகுது என்றால் பங்கருக்குள் ஓட வேண்டும். நான் லண்டனுக்கு வந்த பிறகு என் அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நேரம் பொம்மர் வந்தது. அவ ஓடவில்லை என்று சிலர் சொன்னார்கள், ஓடியும் பயனில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆகவே லென்னின் புல்லை நான் விதிப்படி வெட்டினேன். விதிக்கு மேலே ஒரு புல்லும் வெட்டவில்லை.

அதனால்தான் ஐவியிடம் பேச்சு வாங்கினேன். ஐவி லென்னின் தங்கை. கலியாணம் செய்யாதவர், சலவைச்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மாதம் ஒருமுறை குசினிக் கத்தரிக்கோலோடு வந்து, யந்திரம் விட்டுப்போன ஓரப் புல்லை முழங்காலில் நின்று வெட்டுவார். "இதை யார் வெட்டியது? ஆடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நான்தான்," என்றேன். "ஆடு இதைவிடக் கவனமாக மேயும்," என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "உங்கள் அண்ணன் போனது மாதிரி ஒரு விமானம்தான் என் அக்காவைக் கொன்றது. அவருடைய ஓரப் புல்லை நீங்களே வெட்டுங்கள்," என்றேன்.

வெள்ளைக்காரர் வழக்கமாகச் சொல்கிற 'மிகவும் வருந்துகிறேன்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "கடைசி லீவில் வந்தபோது அவனும் கீழே இருக்கிறவர்களைப் பற்றித்தான் சொன்னான்," என்றார். அதிலிருந்து லென் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தான்.

மரக்கறிக் கடைக்காரனுக்கு வண்டில் தள்ளிய பெடியன். வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே கட்டில். அவன் தலைமாட்டில், ஐவி கால்மாட்டில் தலை வைத்து, ஒருவர் காலை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டிப் படுத்தார்கள். போர்வையை இழுப்பான். இருட்டென்றால் பயம், நிலவறைக்குக் கரி எடுக்கப் போவதென்றால் தங்கையைக் கூட்டிக்கொண்டு போவான். விமானப் படைச் சட்டை போட்டால் பெட்டைகள் பார்ப்பார்கள் என்று போய்ச் சேர்ந்தான். ஆள் கட்டை என்பதால் விமானத்தின் வாலில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் துவக்கோடு அடைத்தார்கள். அது பின்னுக்குப் பார்க்கிற கூண்டு. "மற்றவர்கள் குண்டைப் போட்டுவிட்டு முன்னுக்குப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். நான் மட்டும் எரிகிறதைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். அது சின்னதாகிச் சின்னதாகி மறைய எவ்வளவோ நேரம் எடுக்கிறது, ஐவி. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்." இதைச் சொன்ன லீவில், விளக்கை அணைக்க வேண்டாம் என்று தாயிடம் கெஞ்சினானாம்.

அவன் செத்த விதத்தைப் பலகை 'கடும் வான்சமரில் வீழ்ந்தான்' என்கிறது. ஒரு சமரும் இல்லை. உயரத்தில் குளிர் தாங்காமல் அவனுடைய ஒட்சிசன் குழாய் உறைந்துபோனது. மற்றவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. பேசுகிற வயர் பழுது என்று நினைத்தார்களாம். தரையில் இறங்கிக் கூண்டைத் திறந்தபோது, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், பின்னுக்குப் பார்த்தபடி இருந்தானாம். வயர் பழுதென்று நினைத்தபடி ஒரு பிள்ளையைச் செத்தபடியே ஏற்றி வந்திருக்கிறார்கள். இதைப் பலகையில் எழுத முடியுமா? எழுதினால் நாடா வெட்ட யார் வருவார்?

இனி எங்கள் ஆட்களின் திருவிளையாடல். நவம்பரில் மரித்தோர் நாளுக்கு எங்கள் பங்குச் சனம் மெழுகுதிரிகளோடு சேமக்காலைக்கு வரும். சுவாமியார் தீர்த்தம் தெளிப்பார். நான் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு, நானும் வந்திருப்பவன் மாதிரி நிற்பேன். அப்படி ஒரு வருடம் றீற்றா மிஞ்சின மெழுகுதிரி ஒன்றோடு லென்னின் கல்லடியில் வந்து நின்றார். அப்போதுதான் ஊரிலிருந்து வந்திருந்தார். பள்ளிக்கூடக் குசினியில் வேலை, உடம்புக்குப் பெரிய ஆம்பிளைக் கோட்டு. செபமாலை உருட்டுவதில் முதல் ஆள் என்று எனக்கு அவர்மீது ஏற்கெனவே ஒரு இளக்காரம் இருந்தது.

"அண்ணை, இது ஆர்?" என்று கேட்டார்.

"ஒரு பெடியன். கன காலத்துக்கு முந்திச் செத்தது."

கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து மெழுகுதிரியைக் கொழுத்தி வைத்தார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "ஐயோ, சம்மனசின்ர செட்டையெல்லோ!" என்று, தேவதூதனையே கண்டது போல நெஞ்சில் சிலுவை போட்டாள். அவளும் ஒன்று கொழுத்தினாள். அடுத்த கிழமை அவளுடைய மகனுக்கு விசா வந்தது. விசாவைக் கொடுத்த கந்தோருக்கு ஒரு நன்றி இல்லை, லென்னுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி.

பிறகு என்ன, தேர்த்திருவிழாதான். கார் ஓட்டும் சோதனை, பிள்ளைப்பேறு, மாமியாரின் மூட்டுவலி எல்லாம் லென்னிடம் வந்தன. மழை, பனி பார்க்காமல் ஹவுன்ஸ்லோவிலிருந்தெல்லாம் கார் பிடித்து வந்தார்கள். கல்லில் எண்ணெய் பூசினார்கள், செபமாலை தொங்கவிட்டார்கள், பிளாஸ்டிக் சம்மனசுகளைச் சுற்றி நிறுத்தினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. செட்டையைக் கண்டதும் கண் அதற்குக் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான். பங்குச் சபைத் தலைவர் எட்வேட் மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே வீட்டுக்கடன் தரகர், ஒரு வரலாறே கட்டிவிட்டார். பலிபீடத்தில் பூசைக்கு உதவி செய்த பெடியனாம், எரிந்த கோவிலுக்குள் ஓடிக் குழந்தைகளைக் காப்பாற்றிச் செத்தவனாம். பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து நாடு விட்டு ஓடிவந்த சனம், பொம்மர்காரனிடம் வரம் கேட்டது. நான் காணிப் பகுதி ஆள், வாயைத் திறக்கவில்லை. மெழுகைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் தொடக்கிவைத்தவர் என்று றீற்றாவைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

ஐவி வந்து பார்த்தால் ரகளைதான் என்று பயந்தேன். அவர் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "யார் இவர்கள்?" என்றார்.

"என்னுடைய ஆட்கள். உங்கள் அண்ணனைச் சம்மனசு என்று நினைக்கிறார்கள்."

ஐவி சிரிக்கத் தொடங்கினார். மதிலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தும்வரை சிரித்தார். "போர்வை இழுக்கிற சம்மனசு," என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, "எடுக்காதே, பிலிப். இருட்டில் கிடக்க அவனுக்குப் பிடிக்காது," என்றார்.

பிறகு ஐவிக்கு வருத்தம் வந்தது. குடலில் நோய் என்று சொன்னார். கடைசியாக வந்தபோது கத்தரிக்கோலை என்னிடம் தந்துவிட்டு ஒரு காரியம் கேட்டார். அந்தக் குழி இரண்டு பேருக்கு வெட்டினது, மேலே இருக்கிற இடம் அவருக்கு. எல்லோரையும் போலக் கல்லுப் பக்கம் தலை வைக்காமல், அவருடைய தலையைக் கால்மாட்டில் வைக்க வேண்டும். கட்டிலில் படுத்தது மாதிரி. "அவனுடைய காலடியில்தான் எனக்கு நித்திரை வரும்," என்றார். அந்த மனிசி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளெக்கிடம் போனேன். முழுக்கக் கேட்டார். "தலை கல்லுக்குக் கீழே, மிஸ்டர் பிலிப். உயிர்த்தெழும்போது எல்லோரும் கிழக்கைப் பார்த்து எழும்ப வேண்டும். இந்தச் சேமக்காலையில் எல்லோரும் அப்படித்தான் படுத்திருக்கிறார்கள்."

"அவருடைய ஆசை, சேர்."

"அது காரணம் இல்லை."

மிச்சத்தை நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். ஐவி செத்த செய்தி வந்தபோது எனக்கு அந்த வாக்குத்தான் நெஞ்சில் நின்றது.

இரண்டாவது ஆளுக்காகக் குழியைத் திறப்பது லேசான வேலை இல்லை. முதலில் இரும்புச் சலாகையை இறக்கி, கீழே உள்ள பெட்டி எந்த ஆழத்தில் என்று பார்க்க வேண்டும். அதற்கு மேலே ஒரு படை மண்ணைத் தொடாமல் விட வேண்டும். கடைசிப் பகுதியைக் கைக்கரண்டியால்தான் சீவ வேண்டும். அங்கே காலை அழுத்தி ஊன்றக்கூடாது. பிளாஸ்டிக் சம்மனசுகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, புல்லைச் சீவிக்கொண்டிருந்தேன். அப்போது எட்வேட் மாஸ்டர் ஒரு கூட்டத்தோடு வந்து இறங்கினார். விசயம் எப்படியோ தெரிந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் றீற்றாவும் நின்றார்.

"பிலிப், என்ன வேலை இது? புனிதரின்ர கல்லறையைத் தோண்டுறதோ?" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போதே அவருடைய பார்வை என் மண்வெட்டிக்கும் பூட்ஸுக்கும் இறங்கியது. "நில்லும். நீர் காணிப் பகுதியெண்டெல்லோ சொன்னனீர்?"

"இதுதான் மாஸ்டர் காணி. கடைசியில எல்லாருக்கும் அளந்து குடுக்கிறது நான்தான்."

"நீர் குழி வெட்டுற ஆளோ?" என்று கேட்டு, ஒரு அடி பின்னுக்குப் போனார். நோய் தொற்றிவிடும் என்பது போல.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியாது. வாழ்நாள் முழுக்கச் சேர்ந்ததாக இருக்கும். "ஓம், குழி வெட்டுற ஆள்தான். நீங்கள் கும்பிடுறது ஆரை எண்டு கேளுங்கோ. இஞ்சை கிடக்கிறது சம்மனசு இல்லை. பொம்மர்காரன். வாலில இருந்து துவக்கால சுடுறவன். அந்தச் செட்டை பட்டாளச் சின்னம். கீழை எழுதிக் கிடக்கு, படிச்ச மனிசன்தானே, வாசியுங்கோ. சனம் குடியிருக்கிற பட்டினங்களுக்குக் குண்டு கொண்டு போன கூட்டம்."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். விசாக்காரி ஓடி வந்து தன்னுடைய மெழுகுதிரிக் கிண்ணத்தைத் தூக்கினாள். "எங்கட பிள்ளையளைக் கொன்ற சாதி," என்று யாரோ காறித் துப்பினார்கள். ஆளாளுக்குத் தாங்கள் வைத்த சம்மனசுகளையும் செபமாலைகளையும் பூச்சாடிகளையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். நேர்த்திக்கடனையும் திருப்பி எடுத்தார்களோ என்னவோ, விசாவை ஒருவரும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. றீற்றா ஒன்றையும் எடுக்கவில்லை. கல்லை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசியாகப் போனார். வெட்கப்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

எனக்கு நல்ல திருப்தி. பிறகு குழிக்குள் இறங்கி, கைக்கரண்டியால் மண்ணைச் சீவிக்கொண்டிருந்தபோது திருப்தி போய்விட்டது. எடுக்காதே என்று ஐவி சொன்ன வெளிச்சத்தை அவர் செத்த கிழமையிலேயே எடுத்துவிட்டேன் என்று விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. குழிக்குள் நின்று அழுதால் ஒருவருக்கும் தெரியாது, அந்த வேலையில் அது ஒரு வசதி.

பின்னேரம் கிளெக் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், பூட்ஸ் மாட்டினார், இறங்கினார். சுவர்களைத் தடவினார். இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். லென் அதற்குக் கீழே இருந்தான். பிறகு தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு பக்கமாக மெல்ல நடந்து போய், திரும்பிப் பார்த்தார். ஏறி வந்து, "நான் நிற்கலாம்," என்றார்.

அடுத்த நாள் அடக்கத்துக்கு ஒரு பாதிரியார், ஒரு அயல்வீட்டுக்காரி, நான், கிளெக். பெட்டியைச் சுமந்து வந்த நான்கு பேரும் வழக்கம்போலக் குழிக்கு நேரே வந்து, தலைப்பக்கத்தைக் கல்லுக்குக் கொண்டுபோகத் திரும்பினார்கள். கிளெக் ஒரு கையை உயர்த்தினார். தணிந்த குரலில், "மறுபக்கமாகத் திருப்புங்கள், கனவான்களே," என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. பெட்டியைச் சுற்றித் திருப்பினார்கள், நாடாவைப் பிடித்து இறக்கினோம். ஐவியின் தலை லென்னின் காலடிக்கு மேலே போய் அமர்ந்தது.

பிறகு கந்தோருக்குப் போய், ஏன் சேர் மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். "எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, மிஸ்டர் பிலிப்," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் துடைத்தார். அந்த மரக்கட்டையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்ற வேண்டும் போல இருந்தது. ஒற்றியிருந்தால் அதை உணர்ச்சி என்று சொல்லியிருப்பார்.

அடுத்த மரித்தோர் நாளுக்கு எங்கள் சனம் லென்னின் பக்கமே திரும்பவில்லை. மாஸ்டர் என்னோடு கதைப்பதை விட்டிருந்தார், என் மனைவியோடு பலர் கதைப்பதை விட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஹோலி மரத்தடியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் றீற்றா, அதே பெரிய கோட்டோடு.

"றீற்றா, நான் அண்டைக்குச் சொன்னது உமக்கு விளங்கேல்லையோ? இவன் சம்மனசு இல்லை," என்றேன். சலிப்போடுதான் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. முதல் நாளே வாசிச்சனான். கன்னர் எண்டு போட்டிருக்கு."

"பிறகேன் கொழுத்துறீர்?"

அவர் நெருப்பைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தபடி சொன்னார். "என்ர மூத்தவனும் துவக்கோடைதான் செத்தவன். பள்ளிக்கூடத்தால வரேக்கை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவங்கள். புதைச்ச இடத்தையும் பிறகு வந்த ஆமிக்காரங்கள் இடிச்சு உழுதுபோட்டாங்கள். எனக்குக் கொழுத்த இடம் இல்லை. அவன்ர வயசில ஆரும் துவக்குக்காரன் இஞ்சை கிடக்கிறானோ எண்டு பாத்தன். இவன் கிடந்தான்."

அத்தனை காலமும் அந்தக் கூட்டத்திலேயே பெரிய முட்டாள் என்று நான் நினைத்திருந்த மனிசி அவர்.

"உங்கட அக்காவின்ர கதை எனக்குத் தெரியும்," என்றார். "அதாலதான் ஏனெண்டு உங்களுக்குச் சொல்லாமல் கொழுத்தினனான். கோவிக்காதேங்கோ."

கோபிக்க என்ன இருந்தது? ஐவி மறுபக்கமாகப் படுத்திருப்பதைச் சொன்னேன். பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரி எடுத்தார். கல்லடியில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அந்தக் கால்மாட்டில் ஏன் ஒரு வெளிச்சம் என்று இன்றுவரை பங்கில் ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது பலகை வந்ததும் எல்லோரும் திரும்ப வந்துவிட்டார்கள். கவுன்சிலோடு படம் எடுக்கலாம் அல்லவா. துப்பினவர்கள் பூச்செண்டு பிடித்தார்கள். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்த எட்வேட் மாஸ்டர், எங்கள் சமூகம் இந்த மாவீரனை நெடுங்காலமாக நினைவுகூர்ந்து வருகிறது என்று ஒலிவாங்கியில் சொன்னார். நான் தொண்டைக்குள் ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கினேன். கவுன்சிலர் பலகையைப் பார்த்து வாசித்தார்: இந்த இளைஞன் தன் உயிரை நாட்டுக்காக மகிழ்ச்சியோடு கொடுத்தான்.

அந்த இடத்தில்தான் றீற்றா, பொல்லை ஊன்றிக்கொண்டு, பின்னாலிருந்து சத்தம் போட்டார். கவுன்சிலர் சிரித்தபடி, அந்த அம்மையார் என்ன சொல்கிறார் என்று ஷரோனிடம் கேட்டார். "உங்களுக்கு நன்றி சொல்கிறா," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். கவுன்சிலர் றீற்றாவுக்குக் கை தட்டினார், எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

ஷரோன், உனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் பிள்ளை. அவர் சொன்னது என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மலரில் வேறு எதையும் வெட்டு, இதை மட்டும் விடு:

"ஆர் குடுத்தது? ஒரு பிள்ளையும் குடுக்கேல்லை. நீங்கள் எடுத்தனீங்கள்."